ஈறு பலவீனமானவர்கள் கிளியர் அலைனர் போடுவதற்கு முன்னும் பின்னும்: கடலூர், புதுச்சேரி பக்கத்தினருக்கான வழிகாட்டி

முப்பத்தைந்து, நாற்பது வயதுக்கு மேல் முன்பல் விரிந்து சந்து விழத் தொடங்கினால் பலரும் நேராகக் கிளியர் அலைனர், அதாவது பல்லை நகர்த்த செட் செட்டாக மாற்றி மாட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறை, என்ன விலை என்று கேட்கப் போகிறார்கள். அந்தச் சந்து ஏன் விழுந்தது என்று கேட்பவர்கள் குறைவு. சிறு வயதில் நேராக இருந்த பல் நடுவயதில் தானாக விலகினால், ஈறு நோயால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஈறில் அழற்சி இருக்கும்போதே பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். அழற்சி அடங்கிவிட்டால், எலும்பு குறைந்த பல்லைக்கூட மெதுவாக நகர்த்த முடியும். எலும்பு குறைந்திருப்பது தடை இல்லை, ஈறில் ரத்தமும் சீழும் இருப்பதுதான் தடை. கீழே உள்ள வரிசையும் அதை வைத்தே அமைந்தது. அலைனருக்குப் பணம் கட்டுவது ஐந்தாவது படியில்தான் வரும்.

1. ஈறு அளவெடுப்பு: முதல் செலவு இதற்கே

பல் டாக்டர் கண்ணால் பார்த்து "ஈறு கொஞ்சம் வீக்கம்" என்று சொல்வது போதாது. பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் மெல்லிய அளவுகோலை விட்டு, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் ஆழம் பார்ப்பார்கள். 28 பல் என்றால் 168 எண்கள். இதற்குப் பெரியோ சார்ட் என்று பெயர். அந்தத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை நல்லது, 4 கவனிக்க வேண்டியது, 5க்கு மேல் போனால் சிகிச்சை தேவை. எந்தெந்த இடத்தில் தொட்டதும் ரத்தம் வருகிறது, எந்தப் பல் ஆடுகிறது, ஆட்டம் லேசான ஒன்றாம் தரமா, அதைவிட அதிகமான இரண்டாம் தரமா என்பதும் அதிலேயே குறிக்கப்படும்.

புகைபிடிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புகையிலை ஈறின் ரத்தக் கசிவைக் குறைத்துக் காட்டும். ரத்தம் வரவில்லை என்பதால் ஈறு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஹான்ஸ், கூல் லிப் வகையறாவைக் கன்னத்தில் அடக்குபவர்களும் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டாக்டருக்குத் தெரியாமல் போனால் நஷ்டம் உங்கள் எலும்புக்குத்தான்.

எக்ஸ்ரேயில் முழு வாய்க்கும் சேர்த்து எடுக்கும் ஓபிஜி கட்டாயம். ஈறு நோய் இருந்தால் அது மட்டும் போதாது. சந்தேகப் பற்களுக்குச் சின்ன எக்ஸ்ரே தனித்தனியாக எடுத்தால்தான் எலும்பு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று தெரியும். சிபிசிடி என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன் எல்லோருக்கும் தேவைப்படாது. வெளிப்பக்க எலும்பு மிக மெல்லியதாக இருக்கும் என்ற சந்தேகம், புதைந்த பல், எலும்பில் குழி, இப்படிக் காரணம் சொல்லிக் கேட்டால் எடுங்கள். காரணம் சொல்லாமல் "ரொட்டீன்" என்றால் ஏன் என்று கேட்கலாம். தனியார் மையங்களில் ஓபிஜிக்குப் பெரும்பாலும் சில நூறு ரூபாய், சிபிசிடிக்குச் சில ஆயிரம் ஆகும்.

2. எங்கே போவது

இரண்டு வகை நிபுணர்கள் தேவை. ஈறுக்குப் பெரியோடான்டிக்ஸ் எம்டிஎஸ், பல் நகர்த்தலுக்கு ஆர்த்தோடான்டிக்ஸ் எம்டிஎஸ் (எம்டிஎஸ் என்பது பல் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு). ஒரே கிளினிக்கில் இருவரும் வந்துபோனால் வசதி. ஒருவர்தான் இருக்கிறார் என்றால் மற்றவரை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும்.

புதுச்சேரிப் பக்கம் கோரிமேட்டில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவப் பட்டமேற்படிப்பு நிறுவனம் இருக்கிறது. கடலூர் சாலையில் பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி. கடலூரிலிருந்து புதுச்சேரி பஸ் ஏறினால் வழியிலேயே வரும். மாவட்டத்தின் தெற்கே இருப்பவர்களுக்குச் சிதம்பரம் அண்ணாமலை நகரில், ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக இருந்து இப்போது அரசுக் கல்லூரியாக நடப்பது பக்கம். பட்டமேற்படிப்பு நடக்கும் கல்லூரிகளில் ஈறுக்கும் பல் சீரமைப்புக்கும் தனித்தனித் துறைகள் உண்டு. ஓபி சீட்டு காலையில்தான் போடுவார்கள், சீக்கிரம் போங்கள். ஆதார், பழைய எக்ஸ்ரே, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டை, கடைசி ரத்தப் பரிசோதனை, இவற்றை ஒரே உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. ஈறு அளவெடுப்பு, டீப் க்ளீனிங், மறுபரிசோதனை மூன்றையும் கல்லூரியில் முடித்து, சார்ட்டின் நகலோடு அலைனருக்குத் தனியாரிடம் போகலாம். அரசுக் கல்லூரியில் கிளியர் அலைனர் கிடைக்குமா, கிடைத்தால் பொருள் செலவை யார் ஏற்பது என்பதை அந்தத் துறையிலேயே கேளுங்கள். கல்லூரியில் நேரம் அதிகம் போகும். ஒரு வருகைக்கு அரை நாள் ஒதுக்கினால் மன உளைச்சல் இல்லை.

தனியார் டாக்டர் என்றால் மாநில பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணையும், எம்டிஎஸ் எந்தத் துறையில் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அலைனர் கம்பெனி தரும் சான்றிதழ் சில நாள் பயிற்சிக்கானது. மூன்று வருட எம்டிஎஸ் படிப்புக்கு அது ஈடாகாது.

3. உடம்பும் மாத்திரையும்

சர்க்கரை உள்ளவர்கள் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) பார்த்துவிட்டுப் போங்கள். 7க்குள் இருந்தால் நல்லது. அதைவிட ஏறியிருந்தால் ஈறு ஆறுவது தாமதமாகும், கிருமித் தொற்றும் திரும்பத் திரும்ப வரும். முதலில் சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள், அலைனர் இரண்டு மாதம் தள்ளிப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது.

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுபவர்களில் சிலருக்கு ஈறு தடித்து வளரும். வலிப்புக்கான பெனிடாயினும் அப்படியே. எவ்வளவு சுத்தம் செய்தாலும் வீக்கம் இறங்கவில்லை என்றால் மாத்திரையைச் சந்தேகியுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். மருந்து கொடுத்த டாக்டரிடம் மாற்று உண்டா என்று கேளுங்கள். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒருமுறை போடும் அலெண்ட்ரோனேட் மாத்திரை அல்லது சோலெட்ரோனேட் ஊசி எடுத்தவர்கள் இதை இரண்டு பல் டாக்டர்களிடமும் சொல்ல வேண்டும். பல் நகர்வது மந்தமாகும், பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்தும் உண்டு. ரத்தம் உறையாமைக்கான மாத்திரைக்கும் இதே விதி: சொல்லுங்கள், நிறுத்தாதீர்கள்.

4. ஈறைக் குணமாக்குவது, பிறகு காத்திருப்பது

அவசரப்படுபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். சாதாரண க்ளீனிங் ஈறுக்கு மேலே பல்லில் கெட்டியாகப் படிந்த காரையை எடுக்கும். டீப் க்ளீனிங் மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குள் வேரில் ஒட்டியதையும் சுரண்டி எடுப்பது. வாயை நான்கு பகுதியாகப் பிரித்து, ஒன்று முதல் நான்கு வருகைகளில் முடிப்பார்கள். கட்டணமும் பெரும்பாலும் பகுதிக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிந்தபின் பல் கூசும், ஈறு சற்று இறங்கி பல் நீளமாகத் தெரியும். க்ளீனிங் செய்ததால் பல் கெட்டுவிட்டது என்று ஊரில் சொல்வார்கள். வீக்கம் வடிந்ததால் அப்படித் தெரிகிறது, வீங்கியிருந்த ஈறு அதுவரை உண்மையை மறைத்துக்கொண்டிருந்தது.

ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து அதே சார்ட்டை மறுபடி எடுக்க வேண்டும். முதல் தாளையும் இரண்டாவதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5க்கு மேல் இருந்த இடங்கள் 4க்குள் வந்திருக்கிறதா, ரத்தம் வரும் இடங்கள் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்திருக்கிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் அடுத்த படி. ஆழம் இறங்காத இடங்களில் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஃபிளாப் அறுவை தேவைப்படலாம். அப்போது இன்னும் மூன்று முதல் ஆறு மாதம் கூடும். முன் ஈறு காகிதம்போல் மெல்லியதாக இருந்து, பல்லை வெளிப்பக்கம் நகர்த்த வேண்டியிருந்தால், ஈறு ஒட்டு அறுவை முன்கூட்டியே தேவையா என்றும் கேளுங்கள்.

இந்த இடைவெளியில் சொத்தை அடைப்பு, வேர் சிகிச்சை, பழைய கிரவுன் (பல் மேல் போடும் தொப்பி) மாற்றுவது எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். ஸ்கேனுக்குப் பிறகு ஒரு கிரவுன் மாறினாலும் அலைனர் அந்தப் பல்லில் உட்காராது. எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்லான இம்பிளான்ட் நகராது என்பதால், புதிதாகப் போட நினைப்பவர்கள் எந்த இடத்தில், எப்போது என்பதைச் சீரமைப்பு டாக்டரிடம் பேசாமல் போடக்கூடாது.

5. ஸ்கேன், திட்டம், பணம்

சில கிளினிக்குகளில் முதல் நாளே ஸ்கேன் எடுத்து, த்ரீடி படத்தில் பல் அழகாக வரிசை கட்டுவதைக் காட்டி, அன்றே முன்பணம் கேட்பார்கள். ஈறு நோய் உள்ளவர் இதற்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. கீழ் முன்பல்லின் பின்னால் காரை கட்டியிருக்கும்போது எடுத்த ஸ்கேனில் அந்தக் காரையும் பல்லாகப் பதிவாகும். சுத்தம் செய்தபின் வரும் அலைனர் அங்கே தொளதொளவென்று இருக்கும். வீங்கிய ஈறை வைத்து வெட்டிய விளிம்பும் வீக்கம் வடிந்தபின் சரியாக உட்காராது. ஆடும் பல் இரண்டு மாதத்தில் இடமும் மாறியிருக்கும்.

வீட்டுக்கே வந்து ஸ்கேன் எடுத்து, கூரியரில் அலைனர் அனுப்பும் திட்டங்கள் ஈறு நோய் உள்ளவர்களுக்கு உதவாது. அளவுகோல் இல்லை, எக்ஸ்ரே இல்லை. அமெரிக்காவில் இந்த முறையைப் பெரிதாக நடத்திய ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்களை உள்ளூர் பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னது, தவணையில் எடுத்தவர்கள் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றும் சொன்னது.

திட்டப் படத்தில் கடைசிப் புன்னகையைப் பார்ப்பதைவிட இவற்றைக் கேளுங்கள். ஒரு அலைனரில் ஒரு பல் எவ்வளவு நகர்கிறது? வழக்கமாக 0.25 மில்லிமீட்டர் வரை. எலும்பு குறைந்த பல்லுக்கு அதைவிடக் குறைத்து வைக்கச் சொல்லலாம். எத்தனை நாளுக்கு ஒரு செட்? ஏழு நாளில் மாற்றச் சொல்வது வழக்கமாகிவிட்டது, ஈறு பலவீனமானவர்களுக்குப் பதினான்கு நாள்தான் பாதுகாப்பு. எலும்பு குறைந்த பல் அதே விசைக்கு அதிகமாகச் சாயும், அதனால் விசை லேசாக இருக்க வேண்டும். பல்லில் ஒட்டும் அட்டாச்மென்ட் என்ற சிறு மேடுகள் எங்கெங்கே? ஈறு விளிம்புக்கு மிக அருகில் வைத்தால் அழுக்கு சேரும். பல் சந்தில் ராவி இடம் எடுப்பார்களா, எவ்வளவு? சந்துக்கு 0.2 முதல் 0.5 மில்லிமீட்டர் வழக்கம். ஈறு இறங்கியதால் விழும் கறுப்பு முக்கோணச் சந்துகளை இப்படி ராவி மூடினால் ஓரளவு குறையும். முழுதும் மறையும் என்று யாராவது உறுதி கொடுத்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

ஈறு இறங்கிய வாயில் அலைனர் சந்துகளில் மாட்டிக்கொண்டு கழற்ற வராமல் போவது சகஜம். தினம் நான்கு முறை பிடித்து இழுத்தால் ஆடும் பல்லுக்கு ஆகாது. சந்துப் பள்ளங்களை அடைத்து அலைனர் செய்யச் சொல்லி ஆர்டரிலேயே குறிப்பிடுங்கள். பிறகு சொன்னால் அத்தனை செட்டையும் மறுபடி செய்ய வேண்டும்.

இனி விலை. உள்நாட்டுத் தயாரிப்புகள் சுமார் 60,000 ரூபாயில் தொடங்கி ஒன்றரை லட்சம் வரை, அமெரிக்க நிறுவனத்தின் இன்விசலைன் பெரும்பாலும் ஒன்றரை லட்சத்துக்கு மேல், சில சமயம் மூன்று லட்சத்தையும் தாண்டும். கிளினிக்குக்குக் கிளினிக் மாறும். அந்தத் தொகையில் எது அடங்கும், எது அடங்காது என்பதை எழுத்தில் வாங்குங்கள்: இடையில் மறு ஸ்கேன் எடுத்துச் செய்யும் கூடுதல் செட்டுகள் எத்தனை முறை, எத்தனை வருடத்துக்குள், தொலைந்த செட்டுக்கு எவ்வளவு, முடிவில் பல் திரும்ப நகராமல் பிடித்து வைக்கப் போடும் ரிட்டெய்னர் உள்ளடக்கமா, ஈறு மோசமானால் இடையில் நிறுத்தினால் பணம் எவ்வளவு திரும்பும், வேலை மாறிச் சென்னைக்கோ வெளிநாட்டுக்கோ போனால் வேறு டாக்டரிடம் மாற்றித் தருவார்களா. உங்கள் ஸ்கேனின் எஸ்டிஎல் கோப்பை (பல்லின் த்ரீடி வடிவம் உள்ள கணினிக் கோப்பு) பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள். வேறு இடத்தில் ரிட்டெய்னர் செய்ய அது ஒன்று போதும்.

"வட்டியில்லா இஎம்ஐ" என்பதும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் கொடுக்கும் கடன்தான். சிகிச்சை நின்றாலும் தவணை நிற்காது, கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் விழும். கையெழுத்துக்கு முன் கடனின் முக்கிய விவர அறிக்கையைக் கேளுங்கள், ரிசர்வ் வங்கி விதிப்படி அதைத் தர வேண்டும். செயல்முறைக் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளுக்குள் கடனை ரத்து செய்யலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். மருத்துவக் காப்பீட்டை நம்பாதீர்கள். விபத்தால் ஆன பல் காயத்தைத் தவிர பல் சிகிச்சையைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை.

ஸ்கேன் கொடுத்து அலைனர் கைக்கு வர பொதுவாக மூன்று முதல் ஆறு வாரம். முன்பல் சந்து மட்டும் என்றால் ஆறு முதல் ஒன்பது மாதம், அதற்கு மேலான வேலைக்கு ஒன்று முதல் ஒன்றரை வருடம். ஈறு சிகிச்சைக்கான காலம் இதற்கு வெளியே. வீட்டுக் கல்யாணத்துக்குள் முடிய வேண்டும் என்பவர்கள் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்.

6. தினசரி ஓட்டம்

ஒரு நாளில் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். மீதி இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று வேளைச் சாப்பாடு, காபி, பல் துலக்கல் எல்லாம். காலை காபி, பதினோரு மணி டீ, நாலு மணி வடை என்று பழகியவர்களுக்குக் கஷ்டமான கணக்கு. காபியைச் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டால் ஒரு கழற்றல் மிச்சம். அலைனரோடு சூடான காபி குடித்தால் பிளாஸ்டிக் வளையும், சர்க்கரை உள்ளே தேங்கிப் பல் சொத்தையாகும். தண்ணீர் மட்டும் தாராளமாகக் குடிக்கலாம். இளநீரும் கழற்றிவிட்டுத்தான்.

ஈறு பலவீனமானவர் சாப்பிட்டதும் அப்படியே திரும்ப மாட்டக்கூடாது. மென்மையான பிரஷ், ஃபுளூரைடு பேஸ்ட், ஈறு ஓரத்தில் 45 டிகிரி சாய்த்துத் துலக்குதல். சந்துகளுக்குச் சிறு பிரஷ். இது 0.4 மில்லிமீட்டரிலிருந்து பல அளவுகளில் வரும். எந்தச் சந்துக்கு எந்த அளவு என்று ஈறு டாக்டரிடம் குறித்து வாங்குங்கள். பல் நகர நகர சந்தும் மாறும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்த அளவையும் மாற்ற வேண்டும். பல்பொடி, கரி, செங்கல்பொடி எதுவும் வேண்டாம், ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர் தேய்ந்துவிடும். வேலையிடத்தில் துலக்க வசதி இல்லையென்றால் நன்றாகக் கொப்பளித்து, அலைனரையும் அலசி மாட்டுங்கள். வீடு வரும்வரை கழற்றியே வைத்திருப்பது அதைவிட மோசம்.

அலைனரைக் குளிர்ந்த தண்ணீரும் சாதா சோப்பும் வைத்து மென்பிரஷால் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். சாம்பார் மஞ்சள் அட்டாச்மென்டில் ஏறினால் போவது கடினம், செட் மாறிவிடும் என்பதால் அலைனரில் ஏறினால் பரவாயில்லை. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷைத் தொடர்ந்து மாதக்கணக்கில் விட்டால் பல் பழுப்பேறும், டாக்டர் சொன்ன நாள்வரை மட்டும். சித்திரை, வைகாசி வெயிலில் காருக்குள்ளோ பைக் டிக்கியிலோ அலைனர் டப்பாவை விட்டுவிடாதீர்கள். ஹோட்டலில் டிஷ்யூவில் சுற்றி இலையோரம் வைப்பதும் அப்படித்தான், இலையோடு போய்விடும்.

புது செட்டை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றினால் முதல் சில மணி நேர இறுக்கம் தூக்கத்தில் கழியும். பழைய செட்டைத் தூக்கிப் போடாதீர்கள். புதியது தொலைந்தாலோ உடைந்தாலோ பழையதை மாட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போன் செய்யலாம். பல் விளிம்புக்கும் அலைனருக்கும் நடுவில் வெற்றிடம் தெரிந்தால் அந்தப் பல் பின்தங்கிவிட்டது என்று பொருள். அடுத்த செட்டுக்குத் தாவ வேண்டாம்.

7. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈறு டாக்டர்

அலைனர் நடக்கும் காலம் முழுவதும் மூன்று மாதத்துக்கு ஒரு ஈறுப் பரிசோதனையும் சுத்தமும். இந்தச் செலவு அலைனர் பேக்கேஜில் சேராது, தனியாக எடுத்து வையுங்கள். மொத்தமாகப் பத்து, பதினைந்து செட் கையில் கொடுத்து "மாத்திக்கிட்டே வாங்க" என்று அனுப்பும் ஏற்பாட்டை ஏற்காதீர்கள். இரண்டு செட்டுக்கு மேல் கையிருப்பு வேண்டாம். விதிவிலக்கு ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம். கடலூர்ப் பக்கம் புயல் வந்தால் பஸ், கூரியர் எல்லாம் நிற்கும், அப்போது மட்டும் ஒன்று கூடுதலாக வாங்கி வைக்கலாம்.

ஈறில் சீழ், திடீர் வாய்நாற்றம், ஒரு பல் முன்பைவிட அதிகமாக ஆடுவது, பல் நீண்டுகொண்டே போவது, இவற்றில் ஏதாவது வந்தால் புது செட்டுக்கு மாறாமல் இருக்கிற செட்டிலேயே நின்று இரண்டு மூன்று நாளுக்குள் ஈறு டாக்டரிடம் போங்கள். நகரும்போது பல் லேசாக ஆடுவது இயல்பு. கடிக்கும்போது வலித்து ஆடினால் இயல்பு இல்லை.

பணம் வாங்கிவிட்டு ஒப்பந்தப்படி செய்யாவிட்டால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சரிப்படாவிட்டால் கடலூரிலோ புதுச்சேரியிலோ உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய் வரையான தொகைக்கு மனுக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அப்போது கையில் இருக்க வேண்டியவை ரசீது, ஒப்பந்தத் தாள், இரண்டு பெரியோ சார்ட்டுகள், எக்ஸ்ரே. இவற்றின் நகலை முதல் நாளிலிருந்தே நீங்களும் வைத்திருங்கள்.

8. முடிந்தபின் பிடித்து வைப்பது

எலும்பு குறைந்த பல் விட்ட இடத்துக்கே திரும்பப் பார்க்கும். அதனால் முன்பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டுவதும், இரவில் பிளாஸ்டிக் ரிட்டெய்னர் போடுவதும் இரண்டும் தேவை. ஆறு மாதம், ஒரு வருடம் என்று முடிகிற கணக்கு இல்லை, ஆயுள் முழுக்க. இரவு ரிட்டெய்னர் தேய்ந்து விரிசல் விடும், புதிதாக மாற்றும் செலவு அவ்வப்போது வரும். கடைசி ஸ்கேன் கோப்பு கையில் இருந்தால் அதுவும் குறையும்.

ஒட்டிய கம்பியின் அடியில் காரை சீக்கிரம் படியும். கம்பிக்குக் கீழே நூலைக் கோத்து விடும் திரெடர் வாங்கி, தினம் இரவு ஒருமுறை சுத்தம் செய்யுங்கள். கம்பி ஒரு பல்லில் மட்டும் விட்டுப்போனால் வலியே இருக்காது, அந்த ஒரு பல் மட்டும் சத்தமில்லாமல் திரும்பத் தொடங்கும். கண்ணாடியில் பார்த்து நாக்கால் தடவிப் பாருங்கள். விட்டிருந்தால் அன்றிலிருந்து ரிட்டெய்னரைப் பகலிலும் போட்டுக்கொண்டு, அந்த வாரத்துக்குள் டாக்டரிடம் போய் ஒட்டிக்கொள்ளுங்கள்.